பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் ‘காதர்பேட்டை’ புதிய கம்ப்யூட்டரில் கிடைக்காதது ஏன்? வேர்டு ஃபைல்களை மாற்றும்போது தமிழ் உடையும் சிக்கல் - முழு விளக்கம்

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது காதர்பேட்டை. பனியன், ஜட்டி, டி-ஷர்ட், நைட்டி, குழந்தைகள் உடை என உள்நாட்டு வியாபாரத்துக்கான பின்னலாடைகளும், ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கும், செகண்ட்ஸும் மொத்தமாகவும் சில்லறையாகவும் கைமாறும் இடம். கேரளா, கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரா என வெளிமாநில வியாபாரிகளும் வந்து போகும் கடைவீதி.

இன்று அங்கே ரேட் லிஸ்ட் வாட்ஸ்அப்பில் போகிறது, பணம் யு.பி.ஐ.யில் வருகிறது. ஆனால், பல கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருக்கும். பத்து, பதினைந்து வருட ரேட் லிஸ்ட், பார்ட்டிகளின் முகவரிப் பட்டியல், ஜாப் ஒர்க் கூலிக் கடிதங்கள், தீபாவளி போனஸ் நோட்டீஸ், கடை வாடகை ஒப்பந்தம் எல்லாம் அதில்தான். பெரும்பாலும் டி.டி.பி. சென்டரில் தமிழில் டைப் செய்து, பென் டிரைவில் வாங்கி வந்தவை.

அந்தக் கம்ப்யூட்டரை மாற்றும் நாளில்தான் பிரச்னை தொடங்குகிறது. ஃபைல் இருக்கிறது, திறக்கவும் செய்கிறது. ஆனால், உள்ளே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, பூச்சி ஊர்ந்த மாதிரி ஏதோ இருக்கிறது. ‘ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு’ என்று சொல்லி அழித்துவிடுகிறவர்களும் உண்டு. உண்மையில் அந்த ஃபைல் கெட்டுப்போகவில்லை. அப்படியென்றால் என்னதான் நடந்தது?

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதே நாளில் ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ஆகியவற்றுக்கான ஆதரவும் முடிவுக்கு வந்தது. இதனால் அவை உடனே நின்றுவிடாது, வேலை செய்யும். பாதுகாப்பு அப்டேட்தான் வராது. ஜி.எஸ்.டி. கணக்கும் நெட் பேங்கிங்கும் அதே மெஷினில் நடக்கிறது என்பதால், பலர் புதிய கம்ப்யூட்டருக்கு மாற வேண்டிய நிலை.

விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, வருடக்கணக்கில் கூடவே வந்த வேர்ட்பேட் நீக்கப்பட்டுவிட்டது. டி.டி.பி. சென்டர்கள் பக்கம் இன்னொரு மாற்றம். ஒரு காலத்தில் நோட்டீஸ், பில் புக், அட்டைப்பெட்டி டிசைன் என எதற்கெடுத்தாலும் பேஜ்மேக்கர்தான். அதன் 7.0 பதிப்பு வந்தது 2001-ல். அதற்குப் பின் புதிய பதிப்பு இல்லை. அடோபியின் இன்டிசைன், சி.எஸ்.6 பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறந்தது. ‘டைப் 1’ என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது.

ஆக, பழைய மெஷின், பழைய சாஃப்ட்வேர், பழைய ஃபான்ட் மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விடைபெறுகின்றன. உள்ளே இருக்கும் தமிழ் ஆவணங்கள் மட்டும் பாதி வழியில் நிற்கின்றன.

பெட்டி வேறு, சரக்கு வேறு

இங்கே பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஃபைலின் வடிவம். ஆபீஸ் 2003 வரை வேர்டு ஃபைல்கள் ‘டாக்’ என்ற வடிவத்தில் சேமிக்கப்பட்டன. ஆபீஸ் 2007-லிருந்து ‘டாக்எக்ஸ்’ வழக்கமான வடிவமானது. பழையது மைக்ரோசாஃப்டின் சொந்த அமைப்பு. அதன் உள்விவரங்களை அந்த நிறுவனம் 2008-ல்தான் எல்லோருக்கும் பொதுவில் வெளியிட்டது. புதியது 2006-ல் எக்மா தரமாகவும், 2008-ல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது. டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். எழுத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், அமைப்பு விவரம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பிரித்து உள்ளே வைக்கப்பட்டிருக்கும்.

இந்த மாற்றம் சுலபம். புதிய வேர்டில் பழைய ஃபைலைத் திறந்து, ‘ஃபைல்’ பகுதியில் ‘இன்ஃபோ’வுக்குப் போய் ‘கன்வெர்ட்’ கொடுத்தால் போதும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் ஒரு ஃபோல்டரையே மொத்தமாக மாற்றலாம்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் எழுத்து எந்தக் குறியீட்டில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது. சிக்கல் இங்கேதான். டாக்-ஐ டாக்எக்ஸ் ஆக்கினால் இந்தக் குறியீடு மாறாது. காதர்பேட்டை பாஷையில் சொன்னால், அட்டைப்பெட்டியை மாத்தினா உள்ளே இருக்கிற பனியன் சைஸ் மாறாது. 85 சைஸ் பனியனை எந்தப் பெட்டியில் போட்டாலும் அது 85-தான்.

‘கன்வெர்ட் பண்ணியாச்சு’ என்று நினைக்கிற பலர் முதல் வேலையை மட்டும் முடித்திருப்பார்கள். இரண்டாவது வேலை அப்படியே கிடக்கும்.

‘தமிழ்’ என்பது ஐந்து ஆங்கில விசைகள்

பழைய தமிழ் ஃபான்ட்கள் செய்தது ஒரு தந்திரம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் டைப் செய்தது ஆங்கிலம். ஃபான்ட் மட்டும் அந்த ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒரு தமிழ் வடிவத்தை வரைந்து காட்டும்.

தமிழ்நாட்டு டி.டி.பி. சென்டர்களிலும் ஈழத் தமிழர்களிடமும் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று டைப் செய்தால், ஃபைலில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே இடத்தில் ‘த’, கே இடத்தில் ‘ம’, பி இடத்தில் இகரக் கொக்கி, ஓ இடத்தில் ‘ழ’, அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி. திரையில் ‘தமிழ்’ தெரியும்; ஃபைலுக்குள் தமிழ் கிடையாது.

புதிய கம்ப்யூட்டரில் பாமினி ஃபான்ட் இல்லையென்றால், வேர்டு வேறொரு ஃபான்ட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளும். அந்த நிமிடமே வேஷம் கலைந்து உள்ளே இருந்த ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன. செல்போனிலும் இதே கதைதான். கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரேட் லிஸ்ட், வாங்குகிறவரின் போனில் புரியாத எழுத்தாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

ஒருங்குறி எனப்படும் யூனிகோட் முறையில் நிலைமை வேறு. அங்கே ‘த’ என்ற எழுத்துக்கென்று உலகம் முழுக்க ஒரே எண். எந்த ஃபான்ட் போட்டாலும், எந்த போனில் திறந்தாலும், ‘த’ என்பது ‘த’தான்.

எக்ஸ்எல் ‘ஓடு’ ஆகும் கதை

‘அப்போ, ஏதாவது ஆன்லைன் கன்வெர்ட்டரில் போட்டு எடுத்துடலாமே?’ என்று தோன்றும். எடுக்கலாம். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, ரேட் லிஸ்ட்டே போதும்.

ஒரு ரேட் லிஸ்ட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும். பொருளின் பெயர் பாமினியில் இருக்கும். சைஸும் விலையும் வழக்கமான ஆங்கில ஃபான்ட்டில் இருக்கும். முழுப் பக்கத்தையும் காப்பி செய்து கன்வெர்ட்டர் பெட்டியில் ஒட்டும்போது, எந்தப் பகுதி எந்த ஃபான்ட் என்ற தகவல் தொலைந்துபோகிறது. கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும்.

பாமினியில் ஆங்கிலப் பெரிய எக்ஸ் என்பது ‘ஓ’, பெரிய எல் என்பது ‘டு’. ஆக, எக்ஸ்எல் சைஸ் ‘ஓடு’ என்று மாறிவிடும். மீடியம் சைஸைக் குறிக்கும் எம் என்பது ‘ஆ’, லார்ஜைக் குறிக்கும் எல் என்பது ‘டு’, ஸ்மாலைக் குறிக்கும் எஸ் என்பது ‘ளு’. துணியின் கனத்தைச் சொல்லும் ஜி.எஸ்.எம். ‘புளுஆ’ ஆகும்.

இவையாவது பார்த்தவுடனே சிரிப்பு வரும் தப்புகள், திருத்திவிடலாம். விலையில் வருவதுதான் தலைவலி. பாமினியில் கமா விசையின் இடத்தில் இருப்பது ‘இ’. எனவே, ஆங்கில ஃபான்ட்டில் எழுதிய 1,250 ரூபாய், மாற்றியபின் ‘1இ250’ என்று வரும். மனிதர் படித்தால் புரிந்துகொள்வார். அதே பட்டியலை எக்செல்லில் ஒட்டிக் கூட்டினால், எக்செல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. அந்த வரி மட்டும் கூட்டலில் விடுபட்டு, மொத்தத் தொகை சத்தமில்லாமல் குறையும்.

ரூபாய்க் குறியிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. ₹ குறியை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலை 15-ல். யூனிகோடில் அதற்கு இடம் கிடைத்தது அதே ஆண்டு அக்டோபரில். இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும், கீபோர்டின் இடப்பக்க மேல் மூலையில் இருக்கும் சாய்கோட்டுக் குறியின் இடத்தில் ரூபாய்க் குறியை வரைந்து வைத்த ஃபான்ட்களைப் பலர் பயன்படுத்தினார்கள். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால், விலைக்கு முன்னால் ஒரு சின்னச் சாய்கோடு மட்டுமே நிற்கும்.

புதிய வேர்டின் ‘உதவி’யும் சில நேரம் உபத்திரவம் ஆகும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே ஆங்கிலப் பெரிய எழுத்தாக மாற்றுவது அதன் பழக்கம். பாமினியில் சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. பழைய ஃபைலில் புதிதாக ஒரு வரி சேர்க்கும்போது, ‘தமிழ்’ என்று தொடங்கினால் அது ‘துமிழ்’ ஆகிவிடும். ‘மணி’ என்ற பெயர் ‘முணி’ ஆகிவிடும். டைப் செய்தவர் மீது தப்பில்லை. சாஃப்ட்வேர் செய்த திருத்தம் அது.

தேடினால் கிடைக்காத காதர்பேட்டை

கண்ணுக்கே தெரியாத தப்பு இன்னொன்று இருக்கிறது. அதற்குக் காதர்பேட்டையே நல்ல உதாரணம்.

‘ர’ என்ற எழுத்தும், ‘கா’வில் வரும் கால் குறியும் அச்சில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். டைப்ரைட்டர் காலத்துப் பழக்கத்தில், ‘ர்’ போட வேண்டிய இடத்தில் காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைப்பவர்கள் நிறையப் பேர். காகிதத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது; அதனால் யாரும் தப்பு என்று சொன்னதும் இல்லை.

யூனிகோடுக்கு மாற்றும்போது அந்தக் காலும் புள்ளியும் அப்படியே வந்துவிடும். ‘காதர்பேட்டை’, ‘காதா்பேட்டை’ என்ற இரண்டு வடிவங்களில் முதலாவதில் இருப்பது ‘ர்’. இரண்டாவதில் இருப்பது கால் குறியும் புள்ளியும். சில ஃபான்ட்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு இவை இரண்டு வேறு சொற்கள். திருப்பூர், கரூர், பெங்களூர் என ‘ர்’ வருகிற ஊர் எதுவானாலும் இதே நிலைதான்.

விளைவு? பார்ட்டி முகவரிப் பட்டியலில் ‘திருப்பூர்’ என்று தேடினால் பாதிப் பேர்தான் கிடைப்பார்கள். மீதிப் பேர் பட்டியலில் இல்லை என்றே தோன்றும். பாக்கி வர வேண்டிய பார்ட்டி அந்த மீதியில் இருந்தால், நஷ்டம் கடைக்காரருக்கு.

இதேபோல ‘கௌரி’ என்ற பெயரும் சிக்கும். ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் ‘ள’வும் பார்வைக்கு ஒன்றே. பழைய ஃபான்ட்களில் இரண்டுக்கும் ஒரே வடிவத்தையே பயன்படுத்தினார்கள். மாற்றும்போது அது ‘கௌரி’யா, ‘கெ, ள, ரி’ என்ற மூன்று எழுத்தா என்று மென்பொருளால் எப்போதும் சரியாக ஊகிக்க முடியாது.

இத்தனை ஃபான்ட் எப்படி வந்தது?

யாரோ ஒருவர் செய்த தவறு இல்லை இது. 1980, 90-களில் கம்ப்யூட்டரில் தமிழ் தெரிந்தால் போதும் என்ற அவசரம் இருந்தது. அன்றைய ஃபான்ட் ஒன்றில் இருந்த மொத்த இடம் 256. ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் போக மீதியில் தமிழ் வடிவங்களைத் திணிக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வரிசையில் அடுக்கியது. பாமினி ஒரு வரிசை, அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில் அவ்வையார் இன்னொரு வரிசை, ஸ்ரீலிபி வேறொரு வரிசை. இணையத்தில் தமிழர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி தனி வரிசை.

இதை ஒழுங்குபடுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு நடந்தது. அதையொட்டி, தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் தமிழ்நாடு அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும் கடைகளில், சென்டர்களில் அவரவர் பழகிய ஃபான்ட்தான் தொடர்ந்தது.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 2000-த்தில் லதா எழுத்துருவுடன் தமிழ் யூனிகோட் வந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010 ஜூன் 23-ல், பக்கத்துக் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அதே நாளில் வெளியான அரசாணை மூலம். யூனிகோட் வேலை செய்யாத இடங்களுக்கு மாற்றாக ‘டேஸ் 16’ என்ற முறையும் அதில் ஏற்கப்பட்டது.

அரசாணை இனி எழுதப்போகும் ஆவணத்துக்கு வழி சொன்னது. அதற்கு முன் எழுதியதை யார் மாற்றுவது? பெரிய பதிப்பகங்களும் நாளிதழ்களும் ஆள் வைத்து மாற்றிக்கொண்டன. பத்துக்குப் பத்து கடையில் வியாபாரம் செய்பவருக்கு அந்த வசதி ஏது?

இது தமிழுக்கு மட்டுமே வந்த சோதனையும் இல்லை. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகமே, பழைய ஃபைல்களைத் திறக்க வழி தேடி 2007-ல் மைக்ரோசாஃப்டுடன் கைகோத்தது. ஆனால், ஆங்கில ஆவணத்துக்குப் பெட்டி மட்டும்தான் பழசு. உள்ளே எழுத்து ஆங்கிலமாகவே இருக்கும். தமிழுக்குப் பெட்டியும் பழசு, எழுத்தும் வேஷம் போட்டது. அதனால்தான் சுமை இரட்டிப்பு.

பழைய ஃபைல்தானே... போனால் போகட்டுமா?

அப்படி விட முடியாததற்குச் சட்டமே காரணம் சொல்கிறது.

மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 நிதியாண்டுக்கான கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆக, அந்த ஆண்டுக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் இன்னும் கூடும்.

ஜி.எஸ்.டி. விதி 57 இன்னும் நேரடியாகச் சொல்கிறது. மின்னணு ஆவணங்களுக்கு முறையான பேக்கப் இருக்க வேண்டும். அதிகாரிகள் கேட்டால் காகிதத்திலோ, படிக்கக்கூடிய மின்னணு வடிவத்திலோ தர வேண்டும். தேவைப்பட்டால் ஃபைலில் உள்ள குறியீடுகளுக்கான விளக்கமும் தர வேண்டும். ‘ஃபைல் இருக்கு சார், ஆனா படிக்க முடியல’ என்பது பதில் ஆகாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 7-வது பிரிவும் முக்கியம். மின்னணு ஆவணத்தை அது உருவான வடிவத்திலேயோ, அல்லது மூலத்தில் இருந்ததைத் துல்லியமாகக் காட்டுகிறது என்று நிரூபிக்கக்கூடிய வடிவத்திலோ வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. மாற்றிய ஃபைலில் 1,250 என்பது ‘1இ250’ என்று இருந்தால், துல்லியம் என்று எப்படி வாதாடுவது?

கோர்ட்டுக்குப் போனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் பொருந்தும். அதன் 63-வது பிரிவின்படி, மின்னணு ஆவணத்துடன் தரும் சான்றிதழில் ‘ஹேஷ்’ மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஃபைலின் டிஜிட்டல் கைரேகை என்று இதைச் சொல்லலாம். ஒரு எழுத்து மாறினாலும் இந்தக் கைரேகை மாறும். டாக்-ஐ டாக்எக்ஸ் ஆக்கினாலும் மாறும். எனவே, மாற்றிய பிறகு மூல ஃபைலை அழித்துவிட்டால், கையில் இருப்பது நகல் மட்டும்தான்.

ஜாப் ஒர்க் செய்யும் குறு, சிறு யூனிட்களுக்கு இதில் பணமே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் வட்டி உண்டு. தைத்துக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே ‘எத்தனை நாள் என்று எழுதினோம்’ என்ற தகராறு வந்தால், அந்தக் கடிதம் படிக்கும்படி இருக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

1. பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சிலோ பழைய சாமான் கடையிலோ போடுவதற்கு முன், ஃபோல்டரை அப்படியே இரண்டு இடங்களில் காப்பி செய்து வையுங்கள். எதையும் திருத்த வேண்டாம்.

2. கூடவே விண்டோஸுக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் காப்பி எடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். அந்தத் தமிழ் ஃபான்ட் கையில் இருக்கும்வரை ஃபைலைப் படிக்க வழி இருக்கிறது. ஃபான்ட் தொலைந்து, அதன் பெயரும் மறந்துவிட்டால் வேலை பல மடங்கு.

3. பழைய மெஷின் ஓடும்போதே முக்கியமான ஆவணங்களை பி.டி.எஃப். ஆக எடுத்துவிடுங்கள். ‘மூலம் இப்படித்தான் இருந்தது’ என்பதற்கு அது சாட்சி. ஆனால், ஒரு எச்சரிக்கை: பாமினியில் எடுத்த பி.டி.எஃப். பார்க்கத்தான் தமிழ். அதிலிருந்து காப்பி செய்தால் மறுபடியும் ஆங்கில எழுத்துதான் வரும், தேடவும் முடியாது.

4. எந்த ஃபான்ட் என்று பாருங்கள். தமிழ் வரியில் கர்சரை வைத்தால், மேலே உள்ள பெட்டியில் ஃபான்ட் பெயர் தெரியும். ஒரே ஃபைலில் இரண்டு, மூன்று ஃபான்ட்கள் இருக்கலாம்.

5. அந்த ஃபான்ட்டுக்கு ஏற்ற மாற்றியைத் தேர்ந்தெடுங்கள். நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்றவை பல வருடமாக இலவசமாகப் புழக்கத்தில் இருப்பவை. தமிழ் இணையக் கல்விக்கழகமும் ‘தமிழி’ என்ற ஒருங்குறி மாற்றியையும், மருதம் உள்ளிட்ட யூனிகோட் எழுத்துருக்களையும் தருகிறது. தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். சைஸ், விலை, ஆங்கிலப் பெயர் உள்ள இடங்களைத் தொடாதீர்கள்.

6. பார்ட்டிகளின் வங்கிக் கணக்கு எண், செல்போன் எண் உள்ள பட்டியலை முன்பின் தெரியாத இணையதளத்தில் ஒட்ட வேண்டாம். கம்ப்யூட்டரிலேயே இயங்கும் மென்பொருள்தான் அதற்குச் சரி.

7. முதலில் ஒரே ஒரு ஃபைலை மாற்றிப் பாருங்கள். தொகை, சைஸ், தேதி, பெயர் இந்த நான்கையும் பி.டி.எஃப். உடன் ஒப்பிடுங்கள். பழைய கூட்டுத்தொகையும் புதிய கூட்டுத்தொகையும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

8. ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ வசதியில், கால் குறிக்குப் பின் புள்ளி வரும் இடங்களை எல்லாம் ‘ர்’ என்று மாற்றுங்கள். சரியான தமிழில் காலுக்குப் பின் புள்ளி வரவே வராது. அதனால் இதை மொத்தமாகச் செய்வதில் ஆபத்து இல்லை.

9. மாற்றி முடித்தாலும் மூலத்தை அழிக்காதீர்கள். மாற்றியதற்குத் தனிப் பெயர், தனி ஃபோல்டர்.

ஃபைலே திறக்கவில்லையென்றால்? லிப்ரே ஆபீஸை ஒருமுறை முயற்சி செய்யலாம். வேர்டுபெர்ஃபெக்ட், மைக்ரோசாஃப்ட் ஒர்க்ஸ், பேஜ்மேக்கர் போன்ற பழைய வடிவங்களையும் அது ஓரளவு திறக்கும். ஃபான்ட்டும் கிடைக்கவில்லை, பழைய பிரிண்ட் மட்டும் இருக்கிறது என்றால், ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். மூலம் எழுத்தாக மாற்றலாம். இன்றைய ஓ.சி.ஆர். மென்பொருள்கள் தமிழ் படிக்கும். ஆனால், எண்களை ஒரு மனிதர் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

எல்லா ஃபைலையும் மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. 2009-ம் ஆண்டு பொங்கல் வாழ்த்து நோட்டீஸை மாற்றி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, பி.டி.எஃப். போதும். பாக்கி உள்ள பார்ட்டி விவரம், நடப்பில் உள்ள ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், 72 மாதக் கணக்குக்குள் வரும் ஆவணம் ஆகியவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கடையில் ஒருவர் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், சீசன் இல்லாத நாட்களில் முடித்துவிடக்கூடிய வேலைதான் இது.

அதற்கு மேல் ஒரு படி, அடுத்த முறை டி.டி.பி. சென்டருக்குப் போகும்போது ‘யூனிகோடில் அடிச்சுக் கொடுங்க’ என்று கேட்பது. பாமினியில் இன்று டைப் செய்யும் ஒவ்வொரு பக்கமும் நாளைக்கு மாற்ற வேண்டிய இன்னொரு பக்கம். பழகிய விசைப்பலகையை விட வேண்டியதில்லை. பழைய டைப்ரைட்டர் முறையிலும் பாமினி முறையிலும் டைப் செய்து யூனிகோடில் பெறும் வசதி என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்களில் பல வருடங்களாகவே இருக்கிறது.

சரக்கை அனுப்பும் முன் பீஸ் எண்ணிப் பார்க்காமல் யாரும் பண்டல் கட்டுவதில்லை. ஆவணத்துக்கும் அதுதான் கணக்கு. பெட்டி புதுசா என்று பார்த்தால் போதாது. உள்ளே போட்டது அப்படியே இருக்கிறதா என்று பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.